பனி நகரங்களின் கதை – 9: ஹார்பின், தேவாலயங்களுக்கு எதிரே எழுந்த கோயில்கள்

சென்ற வாரம் ஷென்யாங்கில் மஞ்சு மன்னர்களின் அரண்மனையைச் சுற்றி வந்தோம். அங்கே முற்றத்துக் கல்கூட 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கிருந்து வடக்கே 500 கி.மீ.க்கு மேல் ரயிலில் போனால் ஹார்பின் வரும். அந்தப் பழமையை இங்கே தேட வேண்டாம். இந்த நகரத்துக்கு 130 வயதுகூட ஆகவில்லை. ஊரின் பெரிய பௌத்தக் கோயில் 1924ல் கட்டி முடிந்தது. கன்பூசியஸ் கோயில் அதற்கும் இளையது, 1929. சீனா என்றாலே ஆயிரம் ஆண்டுக் கணக்கில் பேசிப் பழகியவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். எனக்கோ இதுதான் ஹார்பினின் சுவாரஸ்யம். பழங்காலக் கோயில் ஒன்றை யார், என்ன எண்ணத்தில் கட்டினார்கள் என்பதைப் பெரும்பாலும் ஊகிக்கத்தான் முடியும். ஹார்பின் கோயில்களை யார் கட்டினார்கள், எந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கட்டினார்கள், கட்டியவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்பதையெல்லாம் பெயர் சொல்லிச் சொல்லலாம்.

ஜனவரியில்தான் இங்கே வெளியூர்க் கூட்டம் மொய்க்கிறது. அந்த மாதத்தின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி வாக்கில் இருக்கும். சோங்ஹுவா ஆறு கரைக்குக் கரை உறைந்து, ஆள் நடக்கும் அளவுக்குக் கெட்டிப்பட்டுவிடும். அதைப் பாளம் பாளமாக அறுத்தெடுத்து, உள்ளே வண்ண விளக்கு வைத்து, கோட்டையும் கோபுரமுமாக அடுக்குகிறார்கள். 1963ல் ஒரு பூங்காவில் பனி விளக்குக் கண்காட்சியாகத் தொடங்கியது, 1985ல் ஆண்டுத் திருவிழாவாக வளர்ந்தது. விளக்கு எரிவது மாலையில்தான். பகல் பொழுதைக் கழிக்கக் கோயிலும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. உள்ளே வெப்பமூட்டி ஓடுகிறது என்பதும் அருங்காட்சியகங்களில் கூட்டம் சேர ஒரு காரணம். வெளியே கையுறையைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துவிடும், கைப்பேசியில் மின்சாரம் கண்ணெதிரே வடிந்துவிடும். உள்ளே காலெடுத்து வைத்ததும் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடும்.

ஊரைத் தொடங்கி வைத்தது ரயில். 1895ல் ஜப்பானிடம் தோற்ற சீனா, மறு ஆண்டே ரஷ்யாவோடு ஒரு ரகசிய உடன்படிக்கை செய்துகொண்டது. சீனாவின் சார்பில் கையெழுத்திட்டவர் லீ ஹோங்ஜாங். சைபீரிய ரயில் ஆமூர் ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகாமல், மஞ்சூரியாவைக் குறுக்கே வெட்டி நேராக விளாடிவொஸ்டோக் போய்ச் சேர அந்த உடன்படிக்கை வழிவிட்டது. சீனக் கிழக்கு ரயில்வே என்று பெயர். பாதை சோங்ஹுவா ஆற்றைக் கடக்கும் இடத்தில் 1898ல் ரஷ்யப் பொறியாளர்கள் கூடாரம் அடித்தார்கள். ஹார்பினின் பிறப்பு அதுதான். ரயில்வே எல்லைக்குள் ரஷ்யக் காவல், ரஷ்ய நீதிமன்றம், ரூபிள் நாணயம். நிலம் சீனப் பேரரசருடையது என்பது காகிதத்தில் மட்டும்.

ரயில் நிலையத்துக்கு மேலே உள்ள மேட்டுப் பகுதியின் பெயர் நாங்காங். அந்த மேட்டில், ரயிலை விட்டு இறங்குகிறவர் கண்ணில் படும் இடத்தில், ரஷ்யர்கள் முதலில் எழுப்பிய பெரிய கட்டடங்களில் ஒன்று புனித நிக்கோலஸ் தேவாலயம். முழுக்க மரத்தால் ஆனது. 1900ல் திறந்தார்கள். நகரத்தின் உச்சி மேட்டில் எந்தக் கட்டடம் நிற்கிறதோ அதற்குரியவர்களே ஊருக்கு உரியவர்கள் என்ற பாடத்தை ரஷ்யர்கள் இப்படிக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டவர்கள் அதை மறக்கவில்லை.

ரயில் பாதைக்கு மண் சுமந்த சீனத் தொழிலாளிகளும் வணிகர்களும் குடியிருந்தது எல்லைக்கு வெளியே, ஃபூஜியாதியான் என்ற சேரியில். இன்றைக்கு அது தாவ்வாய் என்ற வட்டாரத்தில் அடங்கும். ஹார்பினுக்குப் போகிறவர்கள் கல் பாவிய மத்திய வீதியில் நடந்து, அந்தக் குளிரிலும் குச்சி ஐஸ் வாங்கித் தின்று, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தாவ்வாய்க்குப் போகிறவர்கள் குறைவு. நான் பரிந்துரைப்பது அங்கே உள்ள ஒரு சிறிய நினைவகத்தை. மருத்துவர் வூ லியன்-தேயின் நினைவகம் அது.

வூ பிறந்தது 1879ல், நம்மவர்களுக்கு நன்கு பழகிய பினாங்கில். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர். 1910 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஹார்பின் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 31. ஃபூஜியாதியானில் அப்போது சுமார் 24,000 பேர் இருந்தார்கள். இருமி, ரத்தம் துப்பி, ஓரிரு நாளில் செத்துக்கொண்டிருந்தார்கள். தார்பகான் என்ற மலை அணிலின் தோலுக்கு ஐரோப்பியச் சந்தையில் அப்போது நல்ல விலை. அதைப் பிடிக்கப் போன, அனுபவம் இல்லாத வேட்டைக்காரர்களிடமிருந்து தொற்று ரயில் ஏறி வந்திருந்தது. தானும் மருத்துவர்களை அனுப்பத் தயார் என்று ஒரு பக்கம் ரஷ்யா, இன்னொரு பக்கம் ஜப்பான். அனுப்பினால் பின்னாலேயே காவல் படையும் வரும் என்பது பீக்கிங்குக்குத் தெரியும். நோயைச் சீனரே அடக்கிக் காட்டியாக வேண்டிய கட்டாயம் அங்கேதான் பிறந்தது.

வூ வந்த சில நாளிலேயே, இறந்துபோன ஒரு ஜப்பானிய விடுதிக்காரியின் உடலை ரகசியமாக அறுத்துப் பார்த்தார். பிரேதப் பரிசோதனை அன்றைய சீனாவில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். நுரையீரலில் பிளேக் கிருமி. எலியும் தெள்ளுப்பூச்சியும் இல்லாமலே, மூச்சுக்காற்றின் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்று அவர் சொன்னபோது பெரிய மருத்துவர்கள் நம்பவில்லை. தியென்ஜினிலிருந்து வந்த பிரெஞ்சு மருத்துவர் மெனி அதை ஏளனம் செய்தார். முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். 1911 ஜனவரி 11 அன்று இறந்தார். அதற்குப் பிறகு ஊரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மெல்லிய வலைத்துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த கவசத்தை எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். ரஷ்யர்களிடம் இரவல் வாங்கிய சரக்கு ரயில் பெட்டிகளில் நோயாளிகளுடன் பழகியவர்களைத் தனிமைப்படுத்தினார்கள். ஃபூஜியாதியானை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்காரர் இன்னொரு பகுதிக்குப் போகாமல் தடுத்தார்கள்.

மிஞ்சிய சிக்கல் பனி. மண் பாறையாக இறுகியதால் குழி தோண்ட முடியவில்லை. ஊருக்கு வெளியே இடுகாட்டில் சவப்பெட்டிகளும் பெட்டி இல்லாத உடல்களும் வரிசையாக, பனியின் மேலே, 2,000க்கு மேல் கிடந்தன. எலிகள் அவற்றைக் கடித்துவிட்டு ஊருக்குள் வந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். எரிப்பதுதான் வழி. ஆனால் மூதாதையர் உடலை எரிப்பது அங்கே மகா பாவம். வூ முதலில் உள்ளூர் அதிகாரிகளையும் பெரிய மனிதர்களையும் அழைத்துப்போய் அந்த வரிசையைக் கண்ணால் பார்க்க வைத்தார். அதன் பிறகே பேரரசுக்கு விண்ணப்பம் போனது. சிங் அரசவை தன் கடைசி ஆண்டில் எடுத்த துணிச்சலான முடிவு என்று நான் சொல்வது இதைத்தான். அனுமதி தந்தது. ஜனவரி 31 அன்று, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், சிதை மூட்டினார்கள். மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியா முழுவதும் இறந்தவர்கள் சுமார் 60,000 பேர். அந்த ஏப்ரலில், நாம் சென்ற வாரம் பார்த்த ஷென்யாங்கில், உலகின் பல நாட்டு நிபுணர்கள் கூடிய பிளேக் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இந்தப் பினாங்குக்காரர்.

நோயை அடக்கிய அரசவை அந்த ஆண்டுக்குள்ளேயே ஆட்டம் கண்டது. ஆறு ஆண்டு கழித்து ரஷ்ய ஜார் ஆட்சியும் கவிழ்ந்தது. புரட்சிக்குத் தப்பிய ரஷ்யர்கள் ஆயிரக்கணக்கில் ஹார்பினுக்கு ஓடி வந்தார்கள். ஆக, ஊரில் ரஷ்யர்கள் எண்ணிக்கை கூடியது, அவர்களுக்குப் பின்னால் இருந்த அரசு மறைந்தது. சீனா காத்திருந்த தருணம் இதுதான். 1920ல் ரயில்வே எல்லையின் காவலும் நீதிமன்றமும் சீன அதிகாரிகள் கைக்கு வந்தன. சிறப்பு மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். அதிகாரம் கைக்கு வந்தது சரி, மேட்டில் நின்றுகொண்டிருந்தது இன்னும் தேவாலயம்தானே. போதாததற்கு, ரஷ்ய அகதிகள் எல்லாரும் சேர்ந்து 1923ல் புனித சோஃபியா தேவாலயத்தைப் பெரிதாகத் திருப்பிக் கட்டத் தொடங்கினார்கள். தலைக்கு மேல் ஆட்சி இல்லாதவர்கள் 53 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய செங்கல் கோபுரம் அது. முடிக்க ஒன்பது ஆண்டு ஆயிற்று.

சிறப்பு மாவட்டத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த தளபதி ஜூ சிங்லான் பௌத்த ஈடுபாடு உள்ளவர். வெளிநாட்டார் கோவில்கள் நிறைந்த நாங்காங்கில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பௌத்தக் கோயில் இல்லையே என்ற குறை அவருக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் இருந்தது. அழைத்து வரப்பட்டவர் தான்ஷூ என்ற பிக்கு. இந்தப் பிக்குவின் கதையே தனி. இங்கோவ் துறைமுகத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர், மனைவி மக்கள் உள்ளவர். நாற்பதைத் தாண்டிய பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தலையை மழித்துக்கொண்டவர். துறவியான பிறகும் கடைக்காரரின் சாமர்த்தியம் அவரை விட்டுப் போகவில்லை. நன்கொடை திரட்டுவதிலும் அதிகாரிகளைக் கையாள்வதிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஹார்பின் ஜிலே கோயிலையும் சாங்சுன், சிங்தாவ் நகரங்களின் பெரிய கோயில்களையும் உருவாக்கியவர் அவர். ஜிலே என்றால் அமிதாப புத்தரின் சுகாவதி.

கோயிலுக்கு அவர்கள் தேர்ந்த இடத்தைப் பாருங்கள். புனித நிக்கோலஸ் நின்ற அதே மேட்டு வீதியின் கிழக்குக் கோடி, ரஷ்யர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில். மேடு ஒரு டிராகனின் முதுகு என்றும், அதை அழுத்திக்கொண்டிருந்த தேவாலயத்தின் பாரத்தை ஈடுகட்டவே கோயில் வந்தது என்றும் உள்ளூரில் ஒரு கதை உண்டு. கதையை நம்பாவிட்டாலும், வீதியின் ஒரு முனையில் சிலுவையும் மறுமுனையில் புத்தரும் என்பது வரைபடத்திலேயே தெரியும். இன்று அந்தக் கல்லறைத் தோட்டம் இல்லை. 1958ல் கல்லறைகளை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டுப் பூங்கா ஆக்கினார்கள். கோயில் வாசலில் ஊதுவத்திக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் பூங்காவின் ராட்சத ராட்டினம் தெரிகிறது. உள்ளே சிரிக்கும் மைத்ரேயர், நான்கு திசைக் காவலர்கள், நடு மண்டபத்தில் புத்தர், கிழக்கே ஏழு நிலைக் கோபுரம் என்று எல்லாம் முறைப்படி இருக்கின்றன. சிற்ப அழகுக்காக இங்கே வர வேண்டியதில்லை. படிக்கட்டில் இறுகிய பனியை வாரியபடி, வருகிறவர்களைப் பார்த்து நடக்கச் சொல்லும் பிக்குகளும், முட்டி போட மெத்தை கிடைக்காமல் அங்கியோடு பனியில் மண்டியிடும் பாட்டிகளும் இருக்கும் உயிருள்ள கோயில் என்பதற்காக வரலாம்.

நடந்துபோகும் தூரத்தில் கன்பூசியஸ் கோயில். இதைத் தொடங்கியவர் ஜூவுக்குப் பின் நிர்வாகத்துக்கு வந்த ஜாங் ஹுவான்ஷியாங், 1926ல். அதே ஆண்டில்தான் ரஷ்யர்கள் ஆதிக்கம் செலுத்திய நகரசபையைச் சீன அதிகாரிகள் கலைத்தார்கள். இரண்டையும் ஒரே காரியமாகப் பார்ப்பதே சரி. முதன்மை மண்டபத்தின் முகப்பில் 11 அங்கணம், கூரையில் மஞ்சள் ஓடு. இந்த அளவும் நிறமும் பேரரசருக்குரியவை. பீக்கிங் அரண்மனையின் பெரிய மண்டபத்துக்குத்தான் 11. அப்போது பேரரசர் இல்லை, தடுக்கவும் ஆள் இல்லை, அதனால் குடியரசு அதிகாரி ஒருவர் எல்லை நகரத்தில் அதைக் கட்டினார். எனக்கு இதில் பிடித்த பகுதி தெற்குச் சுவர். கன்பூசியஸ் கோயில்களில் ஒரு மரபு உண்டு. அந்த ஊர்க்காரர் ஒருவர் அரசுத் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக வந்தால்தான் முன்சுவரில் வாசல் திறப்பார்கள். அதுவரை பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். ஹார்பினிலும் பக்கவாட்டில்தான் நுழைகிறோம். ஆனால் அந்த அரசுத் தேர்வையே சிங் அரசு 1905ல் ஒழித்துவிட்டது. கோயில் எழும்புவதற்கு 20 ஆண்டு முன்னமே, முன்வாசல் திறக்கும் வாய்ப்பு போய்விட்டது. தெரிந்தே அந்தச் சுவரை எழுப்பினார்கள்.

முற்றத்தில் உள்ள கல்வெட்டு, அன்று வடகிழக்குச் சீனத்தை ஆண்ட இளம் தளபதி ஜாங் ஷுயேலியாங்கின் பெயரில் அமைந்தது. அயலார் நடுவே சீனக் கல்வியை நிலைநாட்டுவதுதான் கோயிலின் நோக்கம். அந்த நோக்கம் மூன்று ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1932 பிப்ரவரியில் ஜப்பானியப் படை ஹார்பினுக்குள் நுழைந்தது. மஞ்சுகுவோ என்ற பொம்மை நாட்டை உண்டாக்கி, கன்பூசியஸ் வழிபாட்டை அந்த நாட்டின் அரச சடங்காகவே ஆக்கியது. ரஷ்யருக்கு எதிராகக் கட்டிய கோயிலை ஜப்பானியர் சௌகரியமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

கட்டிய மூவரின் கதியைச் சொன்னால்தான் இந்தக் கதை முழுமையாகும். பௌத்தக் கோயிலுக்குத் துணை நின்ற ஜூ சிங்லான், ஜப்பானியரை எதிர்த்த தொண்டர் படைகளுக்கு ஊர் ஊராகப் பணம் திரட்டினார். கன்பூசியஸ் கோயிலைத் தொடங்கிய ஜாங் ஹுவான்ஷியாங், மஞ்சுகுவோவின் நீதித்துறை அமைச்சராகப் போய் உட்கார்ந்தார். நெறி போதிக்கும் கோயிலைக் கட்டியவர் போன வழி இது. கல்வெட்டுக்காரரான ஜாங் ஷுயேலியாங், 1936ல் ஷியானில் சீனத் தலைவர் சியாங் காய்-ஷேக்கையே பிடித்து வைத்து, ஜப்பானை எதிர்க்கும்படி நிர்ப்பந்தித்தார். அதற்கு விலையாகப் பல பத்தாண்டு வீட்டுக்காவலில் கிடந்தார். 2001ல் ஹவாயில் இறந்தபோது அவருக்கு நூறு வயது.

பிறகு 1966. கலாச்சாரப் புரட்சியின் முதல் அலை, ஆகஸ்ட் மாதம். செங்காவலர்கள் புனித நிக்கோலஸ் தேவாலயத்தின் மீது ஏறி, கயிறு கட்டி இழுத்து, மரம் மரமாகப் பிரித்தெறிந்தார்கள். அதே நாட்களில் ஜிலே கோயிலுக்குள் புகுந்து சிலைகளையும் நூல்களையும் அழித்தார்கள். பிக்குகளை வரிசையாக நிற்கவைத்து, புத்த நூல்களையே இழித்துரைக்கும் வாசகம் எழுதிய பதாகையை அவர்கள் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது? ஹெய்லோங்ஜியாங் நாளிதழின் புகைப்படக்காரர் லீ ஜென்ஷெங் அங்கே இருந்தார். செங்காவலர் கைப்பட்டை அணிந்துகொண்டு எல்லாவற்றையும் படம் பிடித்தார். பத்திரிகைக்கு உதவாத, ஆட்சிக்கு உவப்பில்லாத ஆயிரக்கணக்கான படச்சுருள் துண்டுகளைத் தன் வீட்டுத் தரைப் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்தார். அவை வெளியே வர இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒன்றுக்கு ஒன்று போட்டியாக எழுந்த தேவாலயமும் கோயிலும் ஒரே கூட்டத்தின் கையில் ஒரே வாரத்தில் அடிபட்டதை அந்தப் படங்கள் காட்டுகின்றன.

சோஃபியா மட்டும் எப்படித் தப்பியது? பக்தி காப்பாற்றவில்லை. அது அப்போது ஒரு கிடங்காக இருந்தது. உள்ளே சரக்கு அடுக்கியிருந்த கட்டடத்தை இடிக்க யாருக்கும் மனம் வரவில்லை போலும். சுற்றிலும் வீடுகளும் கடைகளும் நெருக்கி எழுந்து, வெளியே தெரியாமல் மறைத்தும் இருந்தன. 1997ல் அவற்றை அகற்றிச் சதுக்கம் அமைத்து, ஊரின் பழைய கட்டடங்களின் புகைப்படக் காட்சியகமாகத் திறந்தார்கள். வெங்காய வடிவக் கூம்பின் மேல் பனி படியும் நாட்களில் ரஷ்ய இளவரசி உடையை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு படம் எடுக்கும் சீனப் பெண்கள் சதுக்கத்தை நிறைக்கிறார்கள். புனித நிக்கோலஸ் நின்ற இடம் இன்று போக்குவரத்துச் சதுக்கம். எதிரே 1906ல் ரஷ்ய வணிகர்களுக்காக எழுந்த பெரிய அங்காடிக் கட்டடம் 1920களில் அருங்காட்சியகம் ஆனது. தேவாலயம் போன பிறகு சதுக்கத்தின் பெயரிலேயே அருங்காட்சியகம் ஏறிக்கொண்டது. அந்த மாகாண அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற பொருள் ஒரு சாண் உயரம்கூட இல்லாத உலோக டிராகன், உட்கார்ந்த நிலையில். நகரத்தை ஒட்டிய ஆசெங்கில் கிடைத்தது. 1115ல் ஜுர்ச்சென் மக்கள் ஜின் அரசை நிறுவித் தலைநகராக்கிய இடம் அது. 1127ல் சோங் நாட்டின் இரண்டு பேரரசர்களைச் சிறைபிடித்து, பிறகு இங்கே கொண்டுவந்தார்கள். ரயில் வருவதற்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுக்கு முன் இந்த மண்ணில் ஓர் அரசு இருந்ததற்கு அத்தாட்சி.

கன்பூசியஸ் கோயிலின் பக்க மண்டபங்களில் 1980களிலிருந்து மாகாண இனமக்கள் அருங்காட்சியகம் இயங்குகிறது. கட்டணம் இல்லாமல் இதைப் பார்க்கலாம் என்றாலும் அதிகம் பேர் எட்டிப்பார்ப்பதில்லை. ஓரோச்சென் வேட்டைக்காரர்களின் பூர்ச்சமரப் பட்டைப் பெட்டிகளும் படகும் இருக்கின்றன. அவற்றைவிட ஒரு கண்ணாடிப் பேழை முன் நான் நெடுநேரம் நின்றேன். ஹெஜே மக்களின் மீன்தோல் சட்டை. சோங்ஹுவா, ஆமூர், உசூரி ஆற்றங்கரைகளில் வாழ்ந்த இந்த இனத்தில் இன்றைக்குச் சீனாவில் சில ஆயிரம் பேரே இருக்கிறார்கள். பெரிய மீன்களின் தோலை உரித்து, காயவைத்து, மரத்தால் அடித்து அடித்து மெதுவாக்கி, துண்டு துண்டாக வெட்டி ஒட்டித் தைப்பார்கள். ஒரு சட்டைக்குப் பல பத்து மீன் வேண்டும். செதில் பதிந்த கோடுகள் தோலில் அப்படியே தெரிகின்றன. ஈரம் புகாது, பனியில் விறைக்காது என்கிறது விளக்கப் பலகை. ரஷ்யர், சீனர், ஜப்பானியர் என்று யார் யாரோ இந்த மேட்டுக்குச் சொந்தம் கொண்டாடிய காலத்துக்கு வெகு முன்பே ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் உடை, சொந்தம் கொண்டாடக் கட்டிய கோயிலின் ஓரத்து அறையில் தொங்குகிறது.

இதே ஹார்பினின் தெற்குப் புறநகர் பிங்ஃபாங். பிளேக்கை ஒழித்த வூ 1926ல் மருத்துவக் கல்லூரி தொடங்கிய நகரத்தில், பத்தாண்டு கழிந்து ஜப்பானிய ராணுவம் பிளேக் கிருமியைப் பெருக்கி, மனிதர்கள் மேல் சோதித்துப் பார்த்த 731ஆம் பிரிவின் வளாகம் அங்கே இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே போவோம்.